வைஸ்ராய் மேசையிலிருந்த சாவி

நான் நடிச்சேன்மா. அதைத்தான் ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பையை மடியில வெச்சுக்கிடுதேன். உள்ள ஒரு கவர் இருக்கு, கசங்கிரக் கூடாது. தூத்துக்குடிதான போறீங்க? நானும் அங்கதான். அரைநாள் லீவு போட்டுட்டு வாரேன். சாயங்காலம் கல்வி ஆபீஸ் அடைக்கிறதுக்குள்ள இதைக் கொண்டுபோய்க் குடுக்கணும். மெமோவுக்குப் பதில். முப்பத்தோரு வருச சர்வீஸ்ல நான் மெமோ வாங்கினது கிடையாது. ரிட்டயர்டு ஆக இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. நல்லாசிரியர் விருதுக்கு என் ஃபைல் இந்த வருசம்தான் மேல போயிருக்கு. இந்தப் பதில் சரியில்லன்னா ஃபைல் போன வேகத்துல திரும்பி வந்துரும். இனி ஒரு தடவை போகாது.

என் பேரு கனகமணி. சமூக அறிவியல் டீச்சர். இந்த ரோட்டுல கண்டக்டர், டிரைவர் எல்லாருக்கும் என்னைத் தெரியும். பாதிப் பேரு எங்கிட்டப் படிச்சவனுவ.

மத்தவங்க மாதிரி ஆண்டு, இடம், பேருன்னு போர்டுல எழுதிப் போட்டு, மனப்பாடம் பண்ணுலேன்னு சொல்ற ஆள் நான் இல்லம்மா. வரலாறுன்னா பிள்ளைங்க கையால செஞ்சு பாக்கணும். எட்டு வருசத்துக்கு முன்னால மதுரையில அஞ்சு நாள் பயிற்சி குடுத்தாங்க. செயல்பாடு மூலமா தேச வரலாறு. பாதிப் பேரு மூணாவது நாளே மீனாட்சியம்மன் கோயில் பாக்கப் போயிட்டாங்க. நான் ஒருத்திதான் ரெண்டு நோட்டு நிறைய எழுதிக்கிட்டு வந்தேன். அன்னையில இருந்து என் வகுப்புல எல்லாமே செயல்பாடுதான். பத்தாம் வகுப்புக்கு எவனாவது செயல்பாடு வைப்பானா, பரீட்சை இருக்குன்னு பயப்படுவான்லா? நான் வெச்சேன்.

வங்கப் பிரிவினைன்னா வகுப்பு நடுவுல சாக்பீஸால கோடு கிழிச்சிருவேன். கூட்டாளிப் பிள்ளைங்களாப் பாத்துப் பிரிச்சு, ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம் உக்கார வெச்சிருவேன். ஒரு வாரம் பேசக் கூடாது. ரெண்டு பிள்ளைங்க அழுதுச்சு. அழுதாத்தான மனசுல நிக்கும்? நிலவரின்னா ஆளுக்குப் பத்துக் கடலைமிட்டாய் கொண்டுவரச் சொல்லி, அதுல அஞ்சைக் கும்பினிக்கு, அதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குன்னு வாங்கிருவேன். பாடம் முடிஞ்சதும் திருப்பித் தருவீங்களா டீச்சர்னு ஒருத்தன் கேட்டான். கும்பினிக்காரன் திருப்பிக் குடுத்தானாலே? அப்படின்னு கேட்டேன். போய் உக்காந்துட்டான். புரிஞ்சிட்டுன்னு அர்த்தம். மிட்டாயை நாங்க ஸ்டாஃப் ரூம்ல சாப்பிட்டோம்.

இப்படி உயிரைக் குடுத்து நடத்துறவளுக்கு மெமோ. என்ன கேட்டிருக்காங்க தெரியுமா? ரெண்டு கேள்வி. மாணவிகளோட கழிப்பறையை ஏன் பூட்டி வெச்சீங்க? பாக்க வந்த அதிகாரி சாவி கேட்டப்ப ஏன் தர மறுத்து, கைது செய்வேன்னு மிரட்டினீங்க? 

இருங்க, சிரிக்காதீங்க, முதல்ல இருந்து சொல்லுதேன்.

எங்க பள்ளிக்கூடத்துல பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு கம்பெனிக்காரங்க புதுசா கழிப்பறை கட்டிக் குடுத்தாங்க. ஒன்றரை வருசம் ஆச்சு. அருமையான கட்டடம். தரையெல்லாம் டைல்ஸ், கண்ணாடி, குழாயில தண்ணி, வாசல்ல கல்வெட்டு. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, கேசரி குடுத்தாங்க. மறுநாள் எங்க ஹெச்.எம். தங்கப்பழம் சார் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்கதான் பொறுப்பான ஆளு, இது உங்க கையில இருக்கட்டும்"னு சாவியைத் தந்தாரு. நான் பூட்டினேன்.

பின்ன என்னம்மா? தொறந்து போட்டா ஒரே வாரத்துல நாறிரும்லா? கண்ணாடியில பேரு எழுதுவாங்க, குழாயைத் திருகிருவாங்க. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து பாத்தா யாருக்கு அசிங்கம்? வாராவாரம் சனிக்கிழமை நானே தொறந்து, பினாயில் ஊத்தி, என் கையாலேயே கழுவிப் பூட்டிருவேன். ஆயாம்மா கிட்டக் கூட விட மாட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு டைல்ஸ்ல கீறல் கிடையாது. நாங்க டீச்சர்ஸ் நாலு பேரு போயிட்டு வருவோம், அது வேற. பிள்ளைங்களுக்குப் பழசு ஒண்ணு இருக்கு. கதவு மட்டும்தான் இல்ல.

சரி, இந்த வருசம் உப்பு சத்தியாகிரகம் வந்துச்சு. பத்தாம் வகுப்புல முப்பத்தோரு பேரு, அதுல பதினேழு பொம்பளைப் பிள்ளைங்க. பெரிய அதிகாரி அடுத்த மாசம் பள்ளிக்கூடம் பாக்க வாராங்கன்னு தகவல் வந்துட்டு. விருது ஃபைல்ல கையெழுத்துப் போடுறதும் அந்த அம்மாதான். நம்ம செயல்பாட்டை நேர்ல பாத்தாங்கன்னா வேற என்ன வேணும்? தண்டி யாத்திரையை முழுசா நடத்திக் காட்டிரணும்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல உப்பு. கடல் தண்ணியை ரெண்டு குடம் பிடிச்சுட்டு வந்து, பெரிய தாம்பாளத்துல ஊத்தி வெயில்ல வெச்சேன். நாலு நாள் ஆச்சு, விளிம்புல வெள்ளையா ஒரு கோடு விழுந்துச்சு, அவ்வளவுதான். இசக்கிப்ரியான்னு ஒரு பிள்ளை. வகுப்புலேயே கெட்டிக்காரி. எனக்கு உயிரு அவ. அவ அம்மா உப்பளத்துல வேலை பாக்கா. எங்க பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைங்களுக்கு வீட்ல அந்த வேலைதான். அவ வந்து, "டீச்சர், தாம்பாளத்துல இப்படியெல்லாம் உப்பு விளையாது. பாத்தி கட்டித் தரை இறுக மிதிக்கணும். தண்ணியை ஒவ்வொரு பாத்தியா மாத்தி மாத்தி விட்டு உப்பு ஏத்தணும். எங்கம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"ன்னு கேட்டா. ஏட்டி, பாடப்புத்தகத்துல பாத்தி மிதிச்சதா போட்டிருக்கா? போய் உக்காருன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் கடையில ரெண்டு பாக்கெட் கல் உப்பு வாங்கித் தாம்பாளத்துல கொட்டினேன். பிள்ளைங்க பாத்துக்கிட்டுதான் இருந்துச்சுங்க. செயல்பாடுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது வைஸ்ராய்க்குக் கடிதம். யாத்திரைக்கு முன்னால காந்தி வைஸ்ராய்க்கு ஒரு கடிதம் எழுதினாருல்லா, அதே மாதிரி ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிட்டு வரணும், பத்து மார்க்குன்னு சொன்னேன். நோட்ஸைப் பாத்து எழுதக் கூடாது, உங்க கண்ணால பாத்த அநியாயத்தை எழுதணும். மரியாதையா எழுதணும். ஆனா பயப்படாம எழுதணும். கெடு குடுக்கணும். இதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்.

இசக்கிப்ரியா எழுதிட்டு வந்தா பாருங்க, அச்சடிச்ச மாதிரி. எனக்கு மனப்பாடம். "மாண்புமிகு வைஸ்ராய் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் நாட்டில் புதிய கழிப்பறை ஒன்று உள்ளது. அது திறப்பு விழா அன்று மட்டும் திறந்திருந்தது. சாவி தங்கள் மேசை டிராயரில் இருக்கிறது. பழைய கழிப்பறைக்குக் கதவு இல்லை. எனவே நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது முதல் வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் ஜெரோமினா இறைவணக்கத்தில் மயங்கி விழுந்தது சாப்பிடாததால் அல்ல. எங்கள் தாய்மார்களும் உப்பளத்தில் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கழிப்பறையே கிடையாது. எங்களுக்கு இருந்தும் இல்லை. பதினோரு நாட்களுக்குள் திறக்காவிட்டால் சட்டத்தை மீறுவோம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இல்ல, எனக்குத் தண்ணி வேண்டாம்மா, நீங்க குடிங்க. பஸ்ல ஏறுற அன்னைக்கு நான் தண்ணியே குடிக்கிறது கிடையாது. பஸ் ஸ்டாண்டுல இருக்கிற இடத்துக்கு மனுசி போவாளா? அப்படியே பழகிப் போச்சு. எங்க விட்டேன்? ஆங், கடிதம்.

நல்ல கடிதம்தான். ஆனா வரலாறுன்னு ஒண்ணு இருக்குல்லா? 1930-ல ஏது டைல்ஸ் போட்ட கழிப்பறை? கம்பெனிக்காரன் அப்ப கழிப்பறையா கட்டிக் குடுத்தான்? அதுக்கு ரெண்டு மார்க்கைக் குறைச்சு எட்டு போட்டேன். "காலத்துக்குப் பொருந்தவில்லை. கையெழுத்து மிக நன்று"ன்னு சிவப்பு மையில எழுதினேன். மத்த பிள்ளைங்களுக்கு மாதிரியா இருக்கட்டும்னு சுவத்துலயும் ஒட்டினேன். மத்த பதினாறு பொம்பளைப் பிள்ளைங்களும் கழிப்பறையைப் பத்தித்தான் எழுதியிருந்துச்சுங்க. காப்பி அடிச்சதுன்னு ஆளுக்கு அஞ்சுதான் போட்டேன்.

ஒத்திகை பத்து நாள் நடந்துச்சு. காந்தி வேசத்துக்கு ஆள் போட்டி போட்டு வந்துச்சு. போலீஸ் வேசத்துக்கும் வந்தானுவ. வைஸ்ராய் வேசத்துக்கு ஒருத்தனும் வரல. சரி, நாமளே போடுவோம்னு நான் போட்டேன். எங்க வீட்டுக்காரரோட கோட்டு, ஒரு தொப்பி. என் மேசையையும் நாற்காலியையும் வராந்தாவுல கொண்டாந்து போட்டு, அதுதான் அரண்மனை. வைஸ்ராய்க்கு மூணே மூணு வசனம். நானே எழுதினேன். "பிரிட்டிஷ் அரசாங்கம் ஒருபோதும் பணியாது." "சட்டத்தை மீறினால் சிறைதான்." "இவர்களைக் கைது செய்யுங்கள்." சொல்லும்போது எனக்கே சிலிர்க்கும். "டீச்சர், உங்களுக்கு இது அப்படியே பொருந்துது"ன்னு ஜெரோமினா சொன்னா. சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைங்களுக்கு ரசனை உண்டு.

அந்த நாளும் வந்துச்சு. அதிகாரி அம்மா காலையில மூணு பள்ளிக்கூடம் பாத்துட்டுப் பன்னெண்டு மணிக்கு எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க. ஹெச்.எம். இளநி குடுத்தாரு. நான் தொப்பியோட அரண்மனையில உக்காந்துட்டேன். கொடிக்கம்பத்துல இருந்து யாத்திரை கிளம்புச்சு. முன்னால காந்தி, பின்னால இருபத்தாறு பேரு. போலீஸ் நாலு பேரும் எங்கூட வராந்தாவுல. வேப்பமரத்தைச் சுத்தி வலது பக்கம் திரும்பி, தாம்பாளத்துக்குப் போய் உப்பை அள்ளணும். பத்து நாள் ஒத்திகையில ஒருத்தனும் வழி தப்பல. அன்னைக்கு காந்தி இடது பக்கம் திரும்பிட்டான்.

பதட்டத்துல வழி மறந்துட்டான்னு நெனச்சேன். கையைக் காட்டினேன், இப்படி, இப்படின்னு. ஒருத்தரும் என்னைப் பாக்கல. நேரே போய்ப் புதுக் கழிப்பறை வாசல்ல, கல்வெட்டுக்குக் கீழ, வரிசையா உக்காந்துட்டாங்க. ஒரு சத்தம் கிடையாது. அதிகாரி அம்மா, இதுவும் செயல்பாடுதான்னு நெனச்சுக் கைதட்டினாங்க. அப்ப இசக்கிப்ரியா எந்திரிச்சு அந்தக் கடிதத்தை வாசிச்சா. சுவத்துல ஒட்டின பேப்பரை எப்பப் பிச்சு எடுத்தாளோ! நிறுத்தி, நிதானமா, பிசிறு இல்லாம வாசிச்சா. மார்க்கையும் சேத்து வாசிச்சா.

ஹெச்.எம்.க்கு வேர்த்து ஊத்துது. நான் என்ன நெனச்சேன்? பிள்ளைங்க தப்பா வந்துட்டு, சமாளிக்கிறதுக்காக இருக்கிற இடத்துலேயே நாடகத்தை நடத்துதுங்க, நாம விட்டுக் குடுத்துரக் கூடாதுன்னு நெனச்சேன். நாடகம் நடுவுல நின்னா யாருக்கு அசிங்கம்? எந்திரிச்சு நின்னு, "பிரிட்டிஷ் அரசாங்கம் ஒருபோதும் பணியாது!"ன்னேன். நல்ல குரல்ல.

அதிகாரி அம்மா என் மேசைகிட்ட வந்தாங்க. மெதுவா, "டீச்சர், அந்தச் சாவியைக் குடுங்க"ன்னாங்க. அவங்களும் நடிக்காங்க போலிருக்கு, எவ்வளவு பெரிய மனசு பாருன்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. "சட்டத்தை மீறினால் சிறைதான்!"னு சொன்னேன். "டீச்சர், நான் நிசமாத்தான் கேக்கேன்"னாங்க. நான் போலீஸைப் பாத்துக் கையை நீட்டி, "இவர்களைக் கைது செய்யுங்கள்!"னு முடிச்சேன். அந்த அம்மாவையும் சேத்துத்தான் காட்டினேன். போலீஸ்காரப் பயலுவ நாலு பேரும் லத்தியைக் கீழ போட்டுட்டு, போய் வரிசையில உக்காந்துட்டானுவ.

அப்பக் கூட எனக்கு ஒண்ணும் தோணல. முடிவு கொஞ்சம் மாறிட்டு, ஆனா நல்லாயிருக்குன்னுதான் நெனச்சேன். ஹெச்.எம். ஓடி வந்து என் டிராயரை இழுத்துச் சாவியை எடுத்துட்டுப் போய்த் தொறந்தாரு. பதினேழு பிள்ளைங்களும் எந்திரிச்சு வரிசையா நின்னுச்சு. தள்ளல, முந்தல. ஆறாம் வகுப்புச் சின்னப் பிள்ளைங்க எங்கிருந்தோ ஓடி வந்துச்சு, அதுங்களை முன்னால விட்டாங்க. "மேடம், நீங்க முதல்ல போங்க"ன்னு ஹெச்.எம். சொன்னாரு. "நான் கடைசியாப் போறேன்"னு அந்த அம்மா வரிசையில நின்னுட்டாங்க. அரை மணி நேரம் நின்னாங்க. நான் கோட்டும் தொப்பியுமா வராந்தாவுல நின்னுக்கிட்டிருந்தேன்.

மூணாவது நாள் மெமோ வந்துட்டு. 

எனக்கு எதுல வயிறு எரிஞ்சுது தெரியுமா? மெமோவுல கூட இல்ல. அந்த இசக்கிப்ரியா. எத்தனை நோட்டு வாங்கிக் குடுத்திருப்பேன் அவளுக்கு! தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏட்டி, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" 

"சொன்னோம் டீச்சர். எட்டு மார்க் போட்டீங்க"ன்னா. 

ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். சும்மா சொல்லுவானேன், அழுதேன்.

சரி, அழுதா மெமோ போயிருமா? முதல் கேள்விக்கு எங்கிட்டப் பதில் இருக்கு. சுத்தம் கருதின்னு எழுதிக்கிடலாம். ரெண்டாவது கேள்விக்குத்தான் சாட்சி வேணும். நேத்து வகுப்புக்குப் போய்ப் பிள்ளைங்ககிட்டக் கேட்டேன். அன்னைக்கு நான் சாவி தர மாட்டேன்னு சொன்னது நடிப்புதான்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களாலேன்னு கேட்டேன். அஞ்சு நிமிசம் வெளிய நில்லுங்க டீச்சர், பேசி முடிவு பண்ணணும்னாங்க. என் வகுப்புல நான் வெளிய நின்னேன். 

எழுதித் தந்தாங்க. அதுதான் இந்தக் கவர்ல இருக்கு. படிக்கேன், கேளுங்க. "அதிகாரி வந்த அன்று எங்கள் டீச்சர் சாவி தர மறுத்தது நடிப்புதான். இது உண்மை. அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் நடிப்பு அல்ல. இதுவும் உண்மை. டீச்சருக்கு விருது கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறோம்." கீழ முப்பத்தோரு கையெழுத்து.

பாத்தீங்களா? முதல் வரி என்னைக் காப்பாத்துது, அடுத்த வரி என்னைக் கவுத்துருது. கத்தரிக்கலாம்னா நடுவுல இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுட்டு வேற பேப்பர்ல எழுதிக் குடுட்டின்னு இசக்கிப்ரியாகிட்டக் கெஞ்சினேன். நான், பிள்ளைகிட்ட. "பாதி உண்மைக்கு நாங்க கையெழுத்துப் போட மாட்டோம் டீச்சர்"னு சொல்லிட்டா. மரியாதையாத்தான் சொன்னா. மத்த முப்பது பேரும் அவளுக்குப் பின்னால நின்னாங்க.

காலையில இருந்து இதையே யோசிச்சுக்கிட்டு வாரேன். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு, சாட்சி இல்லாமலே நடிப்புதான்னு மட்டும் எழுதினா ஒருவேளை ஃபைல் தப்பிக்கும். இதைக் குடுத்தா தப்பிக்காது. வீட்டுக்காரரு கிழிச்சுப் போடுன்னுதான் சொல்லுதாரு. ஆனா ரெண்டாவது வரி பொய்யான்னு கேட்டா, பொய்யில்லம்மா. இந்தா, உங்ககிட்டச் சொல்லுதேன், வேற யாருகிட்டயும் இதுவரை சொல்லல. பொய்யில்ல. முப்பத்தோரு வருசம் தைரியமா இருங்க, தைரியமா இருங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு, ஒரு வகுப்பு நிசமாவே தைரியமா நின்னுருச்சு. அதைக் கிழிச்சுக் குப்பையில போட எனக்குக் கை வரல.

குடுத்துரப் போறேன். அப்படியே, மடிக்காம.

ரவுண்டானா வந்துட்டு, நான் இங்கதான் இறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்குங்கம்மா. ஒருவிதத்துல வேலை முடிஞ்சதுன்னு வைங்க, ஆனா பாடம் இன்னும் முடியல. திங்கக்கிழமை அடுத்த பகுதி ஆரம்பிக்கணும். வெள்ளையனே வெளியேறு. அதுக்கு என்ன செயல்பாடு வைக்கலாம் டீச்சர்னு பிள்ளைங்க இப்பவே ஆசை ஆசையாக் கேக்குதுங்க.